உறுமி பேசும் தமிழ்: பேராக் திருவிழாக்களில் மேளக் குழுக்கள்



மொழி குறித்த சொற்பொழிவு என்றவுடன் இலக்கணமோ இலக்கியமோ பேசப்படும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மேளக் குழு. ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் பத்துப் பதினைந்து இளைஞர்கள் கூடி நடத்தும் உறுமி மேளக் குழுக்களை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தைப்பூச ஊர்வலத்தில் காவடிக்கு முன்னால் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். உங்களுள் சிலர் காதைப் பொத்திக்கொண்டும் இருக்கலாம். அக்குழுக்களைப் பற்றி ஒரு மொழியியலாளனுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்னும் கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் வாழ்வதற்கு அதற்கொரு வேலை இருக்க வேண்டும். தோட்ட வாழ்க்கை கலைந்தபோது அவ்வாழ்க்கையின் சொற்களுள் பெரும்பகுதி வேலை இழந்தது. வேலை இழக்காத சொற்களைக் காத்துவரும் சில இடங்களுள் உறுமி மேளம் ஒன்று. அதனைப் பள்ளிகளும் கழகங்களும் இன்னும் ஏட்டில் பதிவு செய்யவில்லை. பதிவு செய்வதற்குரிய காலமோ குறுகிக்கொண்டே வருகிறது.

திறந்தவெளித் திருவிழா

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் கோடை என்று தனித்துப் பிரிந்த பருவம் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதங்களையே தோட்ட மக்கள் பருவ மாற்றமாக அறிந்திருந்தனர். ஆயினும் தை தொடங்கி ஆடி வரையிலான மாதங்கள் நமக்குத் திருவிழாக் காலம். தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, ஆடித் திருவிழா என அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். தெலுக் இந்தான் நகரின் சித்திரா பௌர்ணமி பேராக் மாநிலத் தமிழர் அனைவரும் அறிந்த விழா. ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் பகுதியிலிருந்து குனோங் சீரோவிலுள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கிக் காவடிகள் செல்கின்றன. சுண்ணாம்புக் குன்றின் அடியில் அமைந்த அவ்வாலயத்தை நெருங்க நெருங்க மேள ஒலி மிகுவதைக் கேட்டவர் அறிவர்.

மேலைநாடுகளில் கோடைக்காலத்தில் திடலில் மேடை அமைத்து, உள்ளூர் இசைக்குழுக்களை வரிசையாக ஏற்றி விழா நடத்துவர். கேட்பவர் கீழே நிற்பர், பாடுபவர் மேலே நிற்பர். நம் திருவிழாவில் அத்தகைய மேடை இல்லை. குழு நடந்துகொண்டே வாசிக்கிறது. காவடி எடுப்பவரின் நடைக்கும் மூச்சுக்கும் ஏற்பத் தாளம் மாற வேண்டும். அவர் தளர்ந்தால் மேளம் தூக்கிவிட வேண்டும், அருள் மிகுந்தால் அடக்க வேண்டும். வெயில், தார்ச்சாலையின் சூடு, கூட்ட நெரிசல் ஆகிய மூன்றுக்கும் இடையே மணிக்கணக்கில் நிகழும் இசை இது. இதனை நடத்தும் இளைஞர்கள் வார நாள்களில் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் கல்லூரியிலும் இருப்பவர்கள்.

உறுமி என்னும் பெயர்

உறுமி, உடுக்கையைப் போல் நடுவில் சிறுத்து இரு முனைகளிலும் விரிந்த தோற்கருவி. அளவில் உடுக்கையைவிடப் பெரியது. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பர். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்து இழுப்பர். தேய்க்கும்போது எழும் அடித்தொண்டை ஒலியே இக்கருவியின் உயிர். புலி உறுமியது, நாய் உறுமியது என்கிறோம். அவ்வினையாகிய 'உறுமு' என்பதன் ஈற்று உகரம் கெட்டு 'இ' என்னும் விகுதி சேர 'உறுமி' ஆயிற்று. மண்ணை வெட்டுவது மண்வெட்டி ஆனதும் இவ்வாறே.

ஒலியைக் கொண்டு கருவிக்குப் பெயரிடும் இம்முறை தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், தோற்கருவிகள் பலவற்றை வரிசைப்படுத்திச் சிலவற்றுக்குப் பெயர்க்காரணமும் கூறுகிறார். கரடி கத்துவது போன்ற ஓசை உடைமையால் கரடிகை எனப்பட்டது என்றும், சல் என்னும் ஓசையால் சல்லிகை எனப்பட்டது என்றும் அவர் விளக்குகிறார். கரடியின் குரலால் கரடிகை பெயர் பெற்றது. விலங்கின் உறுமலால் உறுமி பெயர் பெற்றது. உரையாசிரியர் காலத்துப் பெயரிடும் முறை புந்தோங் தெருவில் ஒலிக்கும் ஒரு கருவியின் பெயரிலும் விளங்குவதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதனினும் ஆழமான செய்தி 'பறை' என்னும் சொல்லில் இருக்கிறது. பறை என்பதற்குத் தோற்கருவி என்றும் சொல்லுதல் என்றும் இரு பொருளுண்டு. மலையாளத்தில் பேசுதலைக் குறிக்கும் வழக்கமான வினை இன்றும் 'பறயுக' என்பதே. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலும் பேசுதல் என்னும் பொருளில் 'பறைதல்' வழங்குகிறது. நம் எழுத்து வழக்கில் 'பறைசாற்று' என்னும் தொடரில் அப்பழைய உறவு எஞ்சி நிற்கிறது. அரசாணையை அறிவிப்பதும் பறை, போருக்கு அழைப்பதும் பறை. நம் முன்னோர்க்குத் தோற்கருவி, செய்தி சொல்லும் வாயாக இருந்தது என்பதற்குச் சொல்லே சான்று.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. பின்வந்த அகப்பொருள் நூல்களும் உரைகளும் அந்தந்த நிலத்தின் பறைகளுக்குப் பெயர் தந்தன. ஏறு தழுவும்போது முழங்குவது ஏறுகோட்பறை. மீன் பிடிக்கும் இடத்தில் முழங்குவது மீன்கோட்பறை. நெல் அறுக்கும்போது முழங்குவது நெல்லரிகிணை. இப்பெயர்கள் அனைத்திலும் ஒரு தொழில் அடங்கியிருப்பதைக் காண்க. மக்கள் எந்த நிலத்தில் எத்தொழில் செய்தார்களோ அங்கு அதற்கொரு பறை இருந்தது. இவ்வகையில் நோக்கினால், ரப்பர்த் தோட்டம் என்னும் புதிய நிலத்துக்குத் தமிழர் கொண்டுவந்து சேர்த்த கருப்பொருள்களுள் தப்பும் உடுக்கையும் உறுமியும் அடங்கும்.

தோட்டமும் சொல்லும்

1877ஆம் ஆண்டில் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் நாற்றுகளைக் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டார். அக்காலத்து மரம் ஒன்று அந்நகரில் இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே ஆள்சேர்க்கும் முதன்மை வழியாயிற்று. 1938இல் இந்திய அரசு தடை விதித்ததோடு அதுவும் முடிவுக்கு வந்தது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் குலதெய்வங்களையும் அவற்றுக்குரிய கொட்டுகளையும் உடன் கொண்டுவந்தார்கள். லயங்களுக்கு அருகே மாரியம்மனும், தோட்டத்து எல்லையில் முனீசுவரனும் கருப்பரும் மதுரைவீரனும் இடம்பெற்றனர்.

அத்தோட்டத்தில் ஒரு தமிழ் வளர்ந்தது. காலையில் ஆள் எடுக்கும் இடம் 'பெரட்டு', வீடுகளின் வரிசை 'லயம்'. இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் ஒலிக்கு அடங்கியவை. ரப்பருக்குக் 'கித்தா' என்றும், பால் வடியும் கோப்பைக்கு 'மங்கு' என்றும், எழுத்தருக்குக் 'கிராணி' என்றும் மலாயிலிருந்து சொற்கள் வந்தன. கோப்பையிலும் வெட்டிலும் உறைந்ததை 'ஒட்டுப்பால்' என்று தமிழிலேயே ஆக்கிக்கொண்டார்கள். பதிவேட்டில் தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றிருக்கும். மக்கள் நாவிலோ தமிழ்ப் பெயர் ஒன்றிருக்கும்.

பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. அதனால் தொழிலாளர் வீடும் வேலையும் இழப்பதைத் தடுக்க, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அம்முயற்சி பல தோட்டங்களைக் காத்தது. ஆயினும் காலப்போக்கில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு வந்தது. தோட்டத்தைச் சார்ந்திருந்த பள்ளிகளும் குறைந்தன. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்கும் குறைவு. அவற்றுள் 130க்கு மேற்பட்டவை நம் பேராக் மாநிலத்தில் உள்ளன என்பதால் நம் பொறுப்பும் பெரிது.

இன்று ஈப்போவில் பிறந்து வளரும் மாணவரிடம் 'பெரட்டு' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர்க்குத் தெரியாது. அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. விடியற்காலைப் பெரட்டு நின்றுபோனது, சொல்லும் நின்றுபோனது. ஆனால் 'உறுமி', 'தப்பு', 'அருள்', 'காப்பு', 'கரகம்' ஆகிய சொற்களைக் கேட்டால் அதே மாணவர் விளக்கம் தருவார். இச்சொற்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

குழுவின் மொழி

உறுமி மேளம் என்னும் தொடர் முதலில் கருவியின் முழக்கத்தைக் குறித்து, பிறகு அதனை வாசிக்கும் குழுவைக் குறித்து, இன்று ஓர் இசைவகையையே குறிக்கிறது. 'நம்ம உறுமி மேளம் எத்தனை மணிக்கு வருது?' என்று கேட்கும்போது அச்சொல் ஆள்களைக் குறிக்கும் ஆகுபெயர். குழுவுக்குக் குழு கருவிகள் சிறிது வேறுபடும். உறுமியோடு கையாலும் குச்சியாலும் அடிக்கும் மேளங்கள், தாளம், முன்நின்று பாடும் ஒருவர், பின்பாட்டுப் பாடும் ஏனையோர் என்பது பொது அமைப்பு. பல குழுக்கள் இப்போது ஆட்டுத்தோலுக்கு மாற்றாகச் செயற்கைத் தோலையும், கயிற்றுக் கட்டுக்கு மாற்றாக இரும்புத் திருகாணிகளையும் பயன்படுத்துகின்றன.

பயிற்சி பெரும்பாலும் ஏடின்றி நிகழ்கிறது. மூத்தவர் வாயால் சொற்கட்டைச் சொல்கிறார், இளையவர் அதனைக் கையால் அடிக்கிறார். சொல்லே தாளமாகவும் தாளமே சொல்லாகவும் மாறும் இம்முறை தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் உரியதே. பயிற்சியின்போது எழும் ஏவல்களைக் கவனித்தால் ஒரு மொழியியல் உண்மை புலப்படும். 'மைக்கு', 'சவுண்டு', 'ஸ்பீக்கர்' எனப் பொருள்களின் பெயர்கள் பிறமொழியாக இருக்கின்றன. 'தூக்கு', 'இழு', 'அடக்கு', 'விடு', 'நிறுத்து', 'சேர்ந்து அடி' என வினைகள் தமிழாக இருக்கின்றன. எம்மொழியிலும் பெயர்ச்சொற்கள் எளிதில் கடன் வாங்கப்படும். வினைச்சொற்கள் அவ்வளவு எளிதில் இடம்கொடா. ஆங்கில வினை வந்தாலும் 'பண்ணு' என்னும் துணையோடு 'ரெக்கார்டு பண்ணு' என்றே வரும். கை செய்யும் வேலைக்குரிய வினைச்சொற்கள் தமிழில் இருக்கும்வரை அம்மொழியின் எலும்பு முறியவில்லை எனலாம்.

முறைப்பெயர்களும் அங்கு வாழ்கின்றன. குழுத் தலைவரை 'மாஸ்டர்' என்று அழைத்தாலும், மற்றவர்கள் ஒருவரையொருவர் அண்ணே, தம்பி, மாமா என்றே விளிக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலமும் கடையில் மலாயும் பேசும் இளைஞர் சிலர், வாரத்தில் தொடர்ந்து தமிழ் பேசும் ஒரே இடம் இப்பயிற்சிக் கூடமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் தமிழ்ப்பள்ளியில் பயிலாதவர்களும் உண்டு. பாட்டு வரிகளை உரோமன் எழுத்தில் கைப்பேசியில் எழுதிவைத்துப் பாடும் அவர்கள், ழகரத்தைச் சரியாக ஒலிக்க ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள்.

பாட்டில் உள்ள இலக்கணம்

நன்னூல் எட்டாம் வேற்றுமையாக விளியைக் கூறுகிறது. வகுப்பறையில் இதனைக் கற்பிப்பது கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. உறுமி மேளப் பாடல்களை அணுகினால் அவற்றின் பாதி விளியாகவே இருக்கக் காணலாம். தெய்வத்தை அழைத்தலே அவற்றின் தொழில். மாரியம்மன் 'மாரியம்மா' ஆகிறாள். இறுதி மெய் கெட்டு அதற்கு முன்னுள்ள உயிர் நீள்கிறது. கருப்பன் 'கருப்பா' என்றும், வீரன் 'வீரா' என்றும், முனீசுவரன் 'முனீசுவரா' என்றும் ஆவதும் அவ்வாறே. தாய் 'தாயே' என்றும், காளி 'காளியே' என்றும் ஏகாரம் பெறுவது மற்றொரு வகை. இவற்றோடு 'வா', 'இறங்கு', 'ஆடு' என்னும் ஏவல்களும் 'வருக' என்னும் வியங்கோளும் கலந்து வரும். இவ்வளவும் ஒரு பதினாறு வயது மாணவன் மனப்பாடமாக அறிந்தவை. அவன் அறிந்ததற்குப் பெயர் சூட்டுவது மட்டுமே ஆசிரியர் செய்ய வேண்டிய பணி.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குழுவைச் சேர்ந்த இளைஞர் என்னிடம், 'ஐயா, பேனர் அடிக்கக் கொடுக்கணும். உறுமிக்குச் சின்ன ரகரமா, பெரிய றகரமா?' என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் பேச்சில் இவ்விரு ஒலிகளும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் 'உருமி' என்றும் பதாகைகளில் காண்கிறோம். 'உரும்', 'உருமு' என்பவை இடியைக் குறிக்கும் பழஞ்சொற்கள். இடி போல் முழங்குவதால் அப்பெயர் என்று எண்ணவும் இடமுண்டு. எனினும் இக்கருவியின் தனித்தன்மை தேய்த்து எழுப்பும் உறுமல் ஆதலாலும், அகராதி வழக்கு அதுவே ஆதலாலும், வல்லின றகரமே உரியது. இதனைத் தவறு என்று சிவப்பு மையால் வட்டமிடுவதைவிட, உறுமலுக்கும் உருமுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் அவ்விளைஞர் வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டார்.

எதிர்ப்பும் மதிப்பும்

இக்குழுக்கள்மீது கூறப்படும் குறைகளை நான் மறைக்க விரும்பவில்லை. வழிபாட்டுக்குப் பொருந்தாத திரைப்பட மெட்டுகளை வாசிக்கிறார்கள் என்பது ஒன்று. ஒலி மிகுதியால் முதியோரும் குழந்தைகளும் துன்புறுகிறார்கள் என்பது மற்றொன்று. போட்டியும் பூசலும் சில இடங்களில் உண்டு என்பது மூன்றாவது. இவற்றுள் உண்மை இருக்கிறது. ஒலி அளவுக்கு எல்லை வகுப்பதும், ஊர்வல ஒழுங்கைப் பேணுவதும் ஆலயப் பொறுப்பாளரின் உரிமையும் கடமையும் ஆகும்.

அதற்காக மேளத்தையே விலக்குவது தீர்வாகுமா? அண்டை நாடான சிங்கப்பூரின் வரலாறு நமக்குப் பாடமாக அமையும். அங்குத் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளை வாசிப்பது 1973இல் தடை செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வேட்கை மறையவில்லை. 2016இல் ஊர்வல வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இசைவு தரப்பட்டது. வரையறுத்த இடத்தில் ஒழுங்கோடு வாசித்தல் என்னும் நடுவழி அங்குக் கண்டறியப்பட்டது. இரு தலைமுறைக் காலத் தடையாலும் அழியாத ஒன்றை வெறும் இரைச்சல் என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

திரைப்பட மெட்டுப் பற்றியும் சற்று நிதானமாக எண்ண வேண்டும். தமிழகத்துப் பறையாட்டக் கலைஞர்கள் தங்கள் அடிவகைகளுக்கு இட்டு வழங்கும் பெயர்களைப் பாருங்கள். திருவிழாவை அறிவிப்பது சாமிச்சாட்டு அடி, சப்பரம் செல்லும்போது சப்பரத்து அடி, அருள் வருவிப்பது மருள் அடி, இறப்பில் மாரடிப்பு அடி. அதே வரிசையில் சினிமா அடி என்றும் ஒன்று உண்டு. திரையிசையையும் ஓர் அடிவகையாக்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது அம்மரபு. பிற அடிகளை மறந்துவிட்டுச் சினிமா அடியை மட்டும் அறிந்திருப்பதே கவலைக்குரியது. அக்கவலைக்கு மருந்து பிற அடிகளைக் கற்பிப்பது.

மற்றொரு தடை நம் மனத்தில் உள்ளது. தோற்கருவி இசையைச் சாதியோடு பிணைத்து இழிவாகக் கருதிய காலம் ஒன்றிருந்தது. அதன் நிழல் கப்பலேறி இங்கும் வந்தது. தமிழகத்தில் நிலை மாறிவருகிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா சிற்றூர்க் கலைஞர்களை நகரத்துப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்து வந்தது. 2020இல் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, கருநாடக இசைக்கே உரியதாக இருந்த மார்கழி மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் மேடை அமைத்தது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் நாட்டில் இத்தகைய மதிப்பு இன்னும் நிறுவனங்களின் கையிலிருந்து வரவில்லை. இளைஞர்கள் தாமாகவே அந்த இழிவை உதறிவிட்டுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அவ்வகையில் அவர்கள் நமக்கு முன்னால் நடக்கிறார்கள்.

ஈப்போவின் தெருக்களில் மூன்று மரபுகளின் தோற்கருவிகள் ஒலிக்கின்றன. மலாய்த் திருமண ஊர்வலத்தில் கொம்பாங், சீனப் புத்தாண்டில் சிங்க நடனத்தின் பெருமுரசு, நம் திருவிழாவில் உறுமி. கொம்பாங்கும் சிங்க நடனமும் பள்ளிகளில் பயிற்சி பெறும் கலைகளாக வளர்ந்துள்ளன. உறுமியும் அவ்வாறு வகுப்பறையின் வாயிலைக் கடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நாம் செய்யத்தக்கவை

இனி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள். பெரும்பொருளோ பெருந்திட்டமோ இதற்குத் தேவையில்லை.

முதலாவது, சொல் தொகுத்தல். ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்திலுள்ள ஒரு குழுவை அணுகி, கருவியின் உறுப்புகள், குச்சிகளின் பெயர்கள், அடிகளின் பெயர்கள், பயிற்சி ஏவல்கள், சடங்குச் சொற்கள் ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆறு செய்திகளைக் குறியுங்கள்: சொல், அது ஒலிக்கும் முறை, பொருள், சொன்னவர் கூறிய வாக்கியம், சொன்னவரின் வயதும் தோட்டமும், தொகுத்த நாள். ஒலிப்பை அவர் சொன்னவாறே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். எடுத்துக்காட்டாக, பறைக் கலைஞர் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவதைக் 'காய்ச்சுதல்' என்பர். செயற்கைத் தோல் பூட்டிய கருவிக்குக் காய்ச்சுதல் வேண்டா. எனவே அச்சொல் இத்தலைமுறையோடு மறையக்கூடும். இத்தகைய சொற்களை முதலில் தேடுங்கள்.

இரண்டாவது, மூத்தோரின் குரலைப் பதிதல். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் திருவிழாவில் தப்பும் உடுக்கையும் அடித்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்கள் அறிந்த பாடல்கள் எந்த நூலிலும் இல்லை. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. தாத்தாவிடமும் பாட்டியிடமும் இசைவு பெற்று அரைமணி நேரம் பதிவு செய்தால் போதும். பதிவின் தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் சொல்ல மறவாதீர்கள்.

மூன்றாவது, தோட்டப் பெயர்களைக் குறித்துவைத்தல். தங்கள் குழுவுக்கோ கோயிலுக்கோ பழைய தோட்டத்தின் பெயரைச் சூட்டியவர்கள் பலர். அத்தோட்டம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதியும் அதற்கு வேறொரு பெயரும் இருக்கலாம். அங்கு வாழ்ந்த மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயருக்கு மேளத்தின்மேல் எழுதப்பட்ட எழுத்தே எஞ்சிய சான்றாக இருக்கக்கூடும்.

நான்காவது, குழுக்களுக்கு நம்மால் ஆன உதவி. பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பதாகையின் எழுத்தைப் பிழையின்றி அமைத்துக் கொடுங்கள். அவர்களைப் பள்ளி விழாவுக்கு அழைத்து, வாசித்த பிறகு ஐந்து நிமிடம் அவர்கள் கலையைப் பற்றி அவர்களையே பேசச் சொல்லுங்கள். தமிழ்த் தேர்வில் பின்தங்கிய மாணவர் ஒருவர் அந்த ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் அறியாத இருபது தமிழ்ச் சொற்களைச் சொல்லக்கூடும்.

அன்பார்ந்த மாணவர்களே, அகராதியில் ஏறிய சொற்கள் அனைத்தும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வேலையின்போது வாயால் சொன்னவையே. கரடிகை என்னும் கருவியை நாம் எவரும் கேட்டதில்லை. ஓர் உரையாசிரியர் அதன் பெயரையும் பெயர்க்காரணத்தையும் எழுதிவைத்ததால் அதன் குரல் இன்னதென்று இன்றும் அறிகிறோம். உறுமியை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனால் அதன் சொற்களை எழுதிவைக்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குச் செல்லும்போது பையில் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மேளம் ஓய்ந்து, அண்ணன்மார் மரநிழலில் தண்ணீர் அருந்தும் வேளையில் அருகே சென்று, 'அண்ணே, இந்தக் குச்சிக்குப் பேர் என்ன?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையே உங்கள் முதற்பதிவாக அமையட்டும்.